ஒரு வார இறுதியோடு முடிந்துவிடும் நாடகங்கள்

சிங்கப்பூரில் ஒரு தமிழ் நாடகத்தின் ஆயுள் பெரும்பாலும் ஒரு வார இறுதி. வெள்ளிக்கிழமை இரவு முதல் காட்சி, சனிக்கிழமை இரண்டு, ஞாயிறு மாலை ஒன்று. கடைசிக் காட்சியின் கைதட்டல் ஓய்ந்ததும் நடிகர்கள் ஒப்பனையைக்கூடக் கலைக்காமல் பலகைகளைக் கழற்றத் தொடங்கிவிடுவார்கள். குறித்த நேரத்துக்குள் அரங்கைக் காலி செய்யாவிட்டால் கூடுதல் வாடகை கட்ட வேண்டும். ஓராண்டு எழுதி, வேலை முடிந்த இரவுகளில் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து உருவாக்கிய ஒன்று நள்ளிரவுக்கு முன் லாரியில் ஏறிவிடுகிறது. மறுவாரம் நண்பர் ஒருவரிடம் அதைப் பற்றிச் சொன்னால், “அடடா, எங்கே பார்க்கலாம்?” என்று கேட்பார். எங்கேயும் பார்க்க முடியாது.

இங்கே நல்ல தமிழ் நாடகமே வருவதில்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் பார்க்க வராதவர்கள். ரவீந்திரன் நாடகக் குழு 1988 முதல் இயங்குகிறது. இளங்கோவனின் அக்னிக் கூத்து 1991ல் தொடங்கியது. அவாண்ட், அதிபதி என்று பின்னால் வந்த குழுக்களும் ஓயாமல் மேடையேற்றிக்கொண்டிருக்கின்றன. வந்தவற்றில் சில, பார்த்து முடித்தபோதே “இது இந்தச் சின்ன அறையோடு நிற்கக்கூடாது” என்று எனக்குப் பதறலை உண்டாக்கியவை. சிறிய அரங்கில் பழுத்த ஒரு நாடகத்தைப் பெரிய அரங்குக்கு எடுத்துச் சென்று, வாரக்கணக்கில் ஓடவிட்டு, ஊரையே பார்க்க வைக்கும் ஏற்பாடு நம்மிடம் இல்லை. அந்த ஏற்பாடு வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது.

லண்டனில் இது ஒரு தொழிலாகவே நடக்கிறது. ‘ஆபரேஷன் மின்ஸ்மீட்’ என்ற இசை நாடகம் 2019ல் நியூ டயோராமா என்ற 80 இருக்கை அரங்கில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் உளவுத்துறை ஒரு சடலத்தோடு போலி ஆவணங்களைச் சேர்த்துக் கடலில் மிதக்கவிட்டு ஹிட்லரின் படையை ஏமாற்றிய உண்மைக் கதை. ஐந்தே நடிகர்கள் எல்லாப் பாத்திரங்களையும் ஏற்றார்கள். அங்கிருந்து சதக் பிளேஹவுஸ், பிறகு ரிவர்சைட் ஸ்டூடியோஸ், 2023ல் லண்டனின் வணிக நாடகப் பகுதியான வெஸ்ட் எண்டின் ஃபார்ச்சூன் அரங்கு. 2024ல் சிறந்த புதிய இசை நாடகத்துக்கான பிரிட்டனின் ஒலிவியே விருது, 2025ல் நியூயார்க்கின் வணிக நாடகப் பகுதியான பிராட்வே. ஒவ்வொரு படியிலும் காட்சிகளைத் திருத்தினார்கள், பாட்டுகளை மாற்றினார்கள். கடைசிவரை நடிகர்கள் ஐந்து பேர்தான். நியூயார்க்கில் ‘ஹாமில்டன்’ என்ற இசை நாடகம் 2015 தொடக்கத்தில் பப்ளிக் தியேட்டரின் சுமார் 300 இருக்கை அரங்கில் ஆடி, அதே ஆண்டு ஆகஸ்டில் 1,300 பேருக்கு மேல் அமரும் பிராட்வே அரங்குக்குப் போனது.

இவற்றைவிட எனக்கு நெருக்கமான கதை ‘லே மிசரபிள்’ உடையது. 1985 அக்டோபரில் லண்டன் பார்பிகனில் அது தொடங்கியபோது விமர்சகர்கள் பலர் கடுமையாக எழுதினார்கள். வணிக அரங்குக்கு நகர்த்துவதா, கைகழுவுவதா என்று தயாரிப்பாளர் முடிவெடுக்க வேண்டிய கட்டம். விமர்சனத்தை மீறி நுழைவுச்சீட்டு விற்பனை எகிறியது. அதைப் பார்த்து அவர் துணிந்தார். டிசம்பரில் நாடகம் பேலஸ் அரங்குக்குப் போனது, பிறகு பல பத்தாண்டுகள் ஓடியது. இந்தக் கதையில் நான் கவனிப்பது அந்த ஒற்றை ஆளை. மக்கள் பக்கம் காது கொடுத்து, கையில் இருப்பது நகர வேண்டிய நாடகம் என்று முடிவு செய்து, தன் பணத்தை வைத்தவர். நம்மிடம் எழுத்தாளர் இருக்கிறார், இயக்குநர் இருக்கிறார், நடிகர்கள் இருக்கிறார்கள். அந்த இருக்கையில் மட்டும் ஆள் இல்லை.

நாடகம் ஊர் மாறி, அரங்கு மாறி வளர்வது நமக்குப் புதிய செய்தியும் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துக் கம்பெனிகள் ஓர் ஊரில் கொட்டகை போட்டு முகாமிட்டு ஆடின. கப்பலேறி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தன. பின்னாளில் சென்னையில் ஒரு நாடகம் ஒரு சபாவிலிருந்து அடுத்த சபாவுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அதையும் தாண்டி மிகப் பெரிய அரங்காகத் திரைப்படம் இருந்தது. ‘பராசக்தி’ மேடையிலிருந்து 1952ல் திரைக்குப் போனது. கே. பாலசந்தரின் ‘சர்வர் சுந்தரம்’, ‘மேஜர் சந்திரகாந்த்’, ‘எதிர்நீச்சல்’ எல்லாம் அப்படிப் போனவை. கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ 1981ல் படமானது. மேஜிக் லேண்டர்ன் குழு 1999ல் நந்தனம் ஒய்எம்சிஏ திடலில் ‘பொன்னியின் செல்வ’னை மேடையேற்றியது, 2014ல் அது மியூசிக் அகாடமிக்கு வந்தது, அதற்கு நாடக வடிவம் கொடுத்த குமரவேல், மணிரத்னத்தின் படத்துக்கும் திரைக்கதையில் பங்களித்தார். தமிழகத்தில் ஒரு நல்ல நாடகத்துக்குச் சபா என்ற ஏணியும் சினிமா என்ற மாடியும் இருந்தன.

சிங்கப்பூரில் சபா வட்டம் இல்லை. நாடகத்தைத் தூக்கிச் செல்லும் அளவுக்குத் தமிழ்த் திரைத்தொழிலும் இல்லை. ஆகவே இங்கே ஒரு நாடகம் வளர வேண்டுமென்றால் பெரிய அரங்குக்குப் போவது ஒன்றே வழி.

அரங்குகளுக்குக் குறைவில்லை. 2002ல் திறந்த எஸ்பிளனேட் கலை மையத்தில் 220 பேர் அமரும் ஸ்டூடியோ அரங்கும் இருக்கிறது, ஏறத்தாழ 2,000 பேர் அமரும் பெரிய அரங்கும் இருக்கிறது. 2022ல் நீர்முகப்பில் சுமார் 550 இருக்கைகளோடு இன்னோர் அரங்கு வந்தது. விக்டோரியா அரங்கில் 614 இருக்கை, தேசிய நூலகக் கட்டடத்தில் உள்ள டிராமா சென்டரில் 615. நடுத்தர அளவில் மட்டுமே மூன்று நல்ல இடங்கள். தமிழ் நாடகம் இவற்றுக்குள் நுழைந்ததே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எஸ்பிளனேடின் ‘கலா உத்சவம்’, ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா ஆகியவற்றின்போது வாசல்கள் திறக்கின்றன. ஆனால் அப்படிப் போகும் நாடகம் பெரும்பாலும் புதிதாக எழுதப்பட்டு, முதல் காட்சியையே பெரிய மேடையில் காண்கிறது. சிறிய அரங்கில் நாற்பது முறை ஆடிப் பிழை நீக்கி, பார்வையாளர் எங்கே நெளிகிறார், எங்கே மூச்சைப் பிடிக்கிறார் என்று தெரிந்துகொண்டு மேலே போவதில்லை. அதனால்தான் பெரிய மேடையில் நம் நாடகம் சில சமயம் உரத்துக் கத்துகிறது. நடிகர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. பழக நாள் கொடுக்கவில்லை.

நகர்ந்திருக்க வேண்டிய ஒரு நாடகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அதன் ஆசிரியர் இப்போது பிரதியைத் திருத்திக்கொண்டிருக்கிறார், முடியும்வரை பெயர் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நூறு பேர்கூட அமர முடியாத ஒரு பிளாக் பாக்ஸ் அரங்கில், அதாவது கறுப்புச் சுவர்கள் கொண்ட ஒரு சின்ன அறையில், நடந்தது. களம் செம்பவாங் கடற்படைத் தளம், 1968. பிரிட்டிஷார் 1971க்குள் படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்த ஆண்டு. தளத்தை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் தமிழரும் மலையாளிகளும் நிறைய. மேடையில் இரண்டு டிரங்குப் பெட்டிகள், ஒரு துணிக்கொடி, கூரையிலிருந்து தொங்கும் ஒரு சன்னல் சட்டம். அப்பா பட்டறைத் தொழிலாளி, ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர். வேலை போய்விட்டது என்று ஒரு கடிதம் வருகிறது. பள்ளியில் படிக்கும் மகள் அதைப் பிரித்து, மனதுக்குள் படித்துவிட்டு, “வேலை இருக்கிறது அப்பா, வேறு இடத்துக்கு மாற்றுகிறார்களாம்” என்கிறாள். அப்பா அப்போது மறுநாளுக்கான காக்கிச் சட்டையை மடித்துக்கொண்டிருக்கிறார்.

முதல் நாள் பார்த்தபோது அந்த நடிகர் மடிப்பதை நிறுத்திவிட்டு மகளை உற்றுப் பார்த்தார். பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டதை நமக்குச் சொல்லிவிடும் பார்வை. நன்றாகத்தான் இருந்தது. கடைசிக் காட்சிக்கு மறுபடி போனேன். அன்று அவர் மகளைப் பார்க்கவே இல்லை. மடித்து முடித்த சட்டையைப் பிரித்தார். கையை நீவிவிட்டார், காலரைச் சரி செய்தார், அதே மடிப்பில் மறுபடி மடித்தார். மடித்ததைப் பெட்டிக்குள் வைக்காமல் கொடியில் போட்டார். நாளைக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய சட்டை இல்லை அது என்று அவருக்குத் தெரியும். மகளின் பொய்யைக் காப்பாற்றத் தெரிந்தே நடிக்கிறார். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். இந்த இரண்டாவது மடிப்பை அவரிடம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று இயக்குநர் பிறகு சொன்னார். ஆடிக்கொண்டிருக்கையில் அவருக்கே கிடைத்தது. கிடைத்த அன்றே நாடகம் முடிந்துவிட்டது. இன்னும் முப்பது காட்சிகள் ஓடியிருந்தால் அந்த மனிதர் அந்தப் பாத்திரத்துக்குள் எவ்வளவு தூரம் போயிருப்பார்? அவர் பகலில் தொடக்கப்பள்ளி ஆசிரியர். திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குப் பள்ளிச் சபையில் நின்றிருப்பார்.

அத்தனை நுணுக்கமான அசைவு 600 பேர் அரங்கில் எடுபடுமா என்பது நியாயமான கேள்வி. எல்லா நாடகங்களும் நகரக்கூடாது. சிலவற்றின் உயிர் நெருக்கத்தில் இருக்கிறது. பெரிய மேடையில் அவை மெலிந்துபோகும். ஆனால் இந்த நாடகம் தாங்கும் என்று நான் நம்புகிறேன். அதன் உள்ளே ஒரு பட்டறை இருக்கிறது, ஒரு கப்பல்துறை இருக்கிறது, வேலை இழந்தவர்கள் கூடிப் பேசும் ஒரு கூட்டம் இருக்கிறது. பிளாக் பாக்ஸில் அந்தக் கூட்டத்துக்கு நான்கு பேரும் ஒலிபெருக்கியில் ஓர் இரைச்சலும்தான் வாய்த்தன. இருபது பேர் நின்றால் அந்த அப்பாவின் தனிமை இன்னும் கூர்மையாகத் தெரியும். சட்டையைக் கைகளால் மட்டும் மடித்தவர், விக்டோரியா அரங்கின் மாடியில் உட்கார்ந்திருப்பவருக்காக முதுகாலும் மடிக்கக் கற்றுக்கொள்வார். அதற்குத்தான் நாட்கள் வேண்டும்.

இன்னொன்றையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். சில நாடகங்களுக்கு ஆங்கில வசனவரி ஓட்டும் வேலையைத் தன்னார்வத்தில் செய்தேன். பின்வரிசைக்கும் பின்னால், ஒளியமைப்பாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நடிகர் வாயைத் திறக்கும்போது விசையைத் தட்ட வேண்டும். அங்கே உட்கார்ந்தால் சிரிப்பு இரண்டு அலைகளாக வருவது தெரியும். தமிழ் தெரிந்தவர்கள் முதலில், வரியைப் படிப்பவர்கள் அரை நொடி தள்ளி. விசையைச் சற்று முன்னால் தட்டினால் படிப்பவர்கள் நடிகரை முந்திவிடுவார்கள். பிந்தினால் அவர்கள் சிரிக்கும்போது அடுத்த வசனம் அமுங்கும். இரண்டு அலையும் ஒன்றாக எழும் இடம் ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கக் காட்சிகள் தேவை. மூன்றாம் காட்சியில் கைகூடத் தொடங்கும், நான்காம் காட்சியோடு கணினியை மூடிவிடுவோம். அந்த அரங்குகளில் சீனரும் மலாய்க்காரரும் உட்கார்ந்து ஒரு தமிழ் வசனத்துக்குக் குலுங்கிச் சிரிப்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். தமிழ் நாடகத்துக்குத் தமிழர் மட்டுமே வருவார்கள் என்று யாராவது கணக்குப் போட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

மற்ற மொழி நாடகங்கள் இதே ஊரில் எப்படி வாழ்கின்றன என்று பாருங்கள். ஸ்டெல்லா கோனின் ‘எமிலி ஆஃப் எமரல்ட் ஹில்’ 1984ல் மலேசியாவில் முதலில் மேடையேறி, 1985ல் சிங்கப்பூருக்கு வந்தது. ஒரே ஒரு பெண் பாத்திரம். மார்கரெட் சான் நடித்தார், பிறகு வேறு நடிகைகள், பிறகு ஐவன் ஹெங் என்ற ஆண் நடிகரும் சீன, மலாய் மரபுகள் கலந்த பெரனாக்கான் குடும்பத்து மாமியாரான எமிலியாகவே மேடையேறினார். இவருடைய எமிலி உசத்தியா, அவருடைய எமிலியா என்று இன்றும் வாதிடுகிறார்கள். தி நெசசரி ஸ்டேஜ் குழுவுக்காக ஹரேஷ் ஷர்மா எழுதிய ‘ஆஃப் சென்டர்’ 1993ல் மனநோயைப் பேசியது. சுகாதார அமைச்சு அதற்கான நிதியாதரவை விலக்கிக்கொண்டது. அதே நாடகம் பின்னாளில் பள்ளிகளில் இலக்கியப் பாடமானது, மறுபடி மறுபடி மேடையேறியது. அதன் மையப் பாத்திரங்களில் ஒருவன் வினோத், இந்திய இளைஞன். டாய் ஃபேக்டரியின் ‘திதௌதாவ்’ 1994ல் தொடங்கிப் பலமுறை பெரிய மேடை கண்டது.

சிங்கப்பூர்த் தமிழ் நாடகத்தில் அப்படி ஒரு நடிகை விட்டுச்சென்று அடுத்த நடிகை ஏற்ற ஒரு வேடத்தைச் சொல்லுங்கள் என்றால் விரல் மடக்கத் திணறுவோம். பாத்திரம் கைமாறும்போதுதான் நாடகம் ஒரு சமூகத்தின் சொத்தாகிறது. கூத்திலும் பரதத்திலும் இதை நாம் நன்றாக அறிந்தவர்கள். அர்ஜுனன் தபசு ஏறும் பத்துப் பேரைப் பார்த்துத்தான் நம் பாட்டிமார்கள் யார் நல்ல அர்ஜுனன் என்று தீர்ப்புச் சொன்னார்கள். வசன நாடகத்துக்கு மட்டும் அந்த வாய்ப்பைக் கொடுக்காமல் ஒரே முறையோடு மூடிவைக்கிறோம்.

நான் பெரிய மேடையில் காண விரும்பும் இன்னொரு நாடகம் குவோ பாவ் குன் 1988ல் படைத்த ‘மாமா லுக்கிங் ஃபார் ஹர் கேட்’. முழுத் தமிழ் நாடகம் இல்லை. ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழி, மாண்டரின், ஆங்கிலம், மலாய், தமிழ் எல்லாம் கலந்து ஒலிக்கும் முதல் பன்மொழி நாடகமாக அதைச் சொல்வார்கள். பிள்ளைகள் வேறு மொழிகளுக்குப் போய்விட்டதால் வீட்டுக்குள்ளேயே தனித்துப்போன ஒரு ஹொக்கியன் கிழவி தன் பூனையைத் தேடிப் போகிறாள். வழியில் அதேபோலப் பூனையைத் தொலைத்த ஒரு தமிழ்க் கிழவரைச் சந்திக்கிறாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, அவருக்கு ஹொக்கியன் தெரியாது. கையாலும் குரலாலும் இருவரும் தம் பூனைகளைப் பற்றிப் பேசித் தீர்க்கிறார்கள். பெற்ற பிள்ளைகளோடு நடக்காத உரையாடல் அங்கே நடக்கிறது. எழுத்தில் படித்தபோதே எனக்கு நெஞ்சு அடைத்தது. அந்தக் கிழவர் வேடத்தில் நம்முடைய ஒரு மூத்த நடிகரைப் போட்டு, எஸ்பிளனேடின் பெரிய அரங்கில் வாரக்கணக்கில் நடத்தினால் பார்க்க ஆள் வருமா என்று யாரும் ஐயப்பட வேண்டியதில்லை. வைல்ட் ரைஸ் குழு 2019ல் ஃபுனானில் தன் சொந்த அரங்கைத் திறந்த ஆண்டில் மேடையேற்றிய ஒரு நாடகத்தின் பெயரிலேயே மலாய், சீன எழுத்துகளோடு ‘சுதந்திரம்’ என்ற தமிழ்ச் சொல்லும் தமிழ் எழுத்தில் இருந்தது. தமிழைப் பெரிய மேடைக்கு மற்றவர்கள் அழைக்கிறார்கள். நாமே அழைத்துப் போக வேண்டாமா?

இளங்கோவனின் ‘தலாக்’ பற்றிச் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சு நேர்மையாக இருக்காது. இந்திய முஸ்லிம் பெண்களின் மணவாழ்வுத் துன்பத்தைப் பேசிய அந்த நாடகம் 1998ல் தமிழில் மேடையேறியது. எதிர்ப்பும் எழுந்தது. 2000ல் ஆங்கிலத்திலும் மலாயிலும் மேடையேற்ற அனுமதி மறுக்கப்பட்டது. அந்த நாடகத்தின் அடுத்த படி அங்கே நின்றுபோனது. அதன் வாதங்களை ஏற்பதும் மறுப்பதும் பார்ப்பவர் உரிமை. பார்ப்பதற்குப் பெரிய அவை கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

வெளியே பார்த்தால் நம் கதைகள் பெரிய அரங்குகளை நிரப்பிக்கொண்டுதான் இருக்கின்றன. புதுச்சேரிச் சிறுவன் ஒருவனும் புலியும் கடலில் தத்தளிக்கும் ‘லைஃப் ஆஃப் பை’ 2019ல் ஷெஃபீல்டில் தொடங்கி, 2021ல் லண்டன் வெஸ்ட் எண்டுக்கும் 2023ல் பிராட்வேக்கும் போனது. புலிப் பொம்மையை இயக்கிய ஏழு கலைஞர்களுக்குச் சேர்த்து ஒலிவியே விருது கொடுத்தார்கள். அது ஆங்கில நாடகம். ஆனால் ‘கவுண்டிங் அண்ட் கிராக்கிங்’ அப்படி இல்லை. ஈழத்திலிருந்து ஆஸ்திரேலியா சென்ற ஒரு தமிழ்க் குடும்பத்தின் நான்கு தலைமுறைக் கதை. எழுதியவர் எஸ். சக்திதரன், ஏறத்தாழ பத்தாண்டு உழைப்பு. மேடையில் தமிழும் சிங்களமும் தாராளமாக ஒலிக்க, பக்கத்தில் நிற்கும் நடிகரே அதை ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார். மூன்றரை மணி நேரம், பதினாறு நடிகர்கள். தயாரித்த பெல்வோர் குழுவின் சொந்த அரங்கு சிறியது; ஆகவே 2019 ஜனவரியில் சிட்னி நகர மண்டபத்துக்குள் தனியே மேடை கட்டினார்கள். 2022ல் எடின்பரோவுக்கும் பர்மிங்காமுக்கும், 2024ல் மெல்பர்னுக்கும் நியூயார்க்குக்கும் போனது. தமிழ் ஆட்சிமொழியாக இல்லாத ஒரு நாட்டில் இது நடந்திருக்கிறது. தமிழுக்கு அரசியலமைப்பில் இடம் தந்து, ரயில் நிலையத்திலும் பாராளுமன்றத்திலும் ஒலிக்கவிடும் நம் நாட்டில் ஏன் நடக்கக்கூடாது?

கூட்டம் வராது என்பார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் தமிழையே அதிகம் பேசுவதாகச் சொன்ன சிங்கப்பூர்வாசிகள் 2.5 விழுக்காடு. தலைக்கணக்கில் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. குறைந்துவரும் எண்ணிக்கைதான், அது என்னையும் வருத்துகிறது. ஆனாலும் விக்டோரியா அரங்கை ஒரு முறை நிரப்ப 614 பேர் போதும். எட்டுக் காட்சிகளையும் நிரப்ப 5,000 பேர் வேண்டியதில்லை. இந்தக் கணக்கில் சேராதவர்களும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் நிறைந்து நிற்கும் தமிழகத் தொழிலாளர்கள் இந்த விழுக்காட்டுக்குள் வரமாட்டார்கள். நம்மில் பலரைவிடக் கூத்தும் நாடகமும் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். வேலை இழந்த கப்பல்துறைத் தொழிலாளியின் கதையை அவர்களைவிட யார் உள்வாங்கிப் பார்ப்பார்கள்? ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக் காட்சி, பத்து வெள்ளி சீட்டு, முடிந்ததும் விடுதிகளுக்குப் போக பஸ். இப்படி ஒரு காட்சியைத் திட்டமிட்டுப் பாருங்கள்.

பணம்தான் முடிச்சு. ஆனால் அந்தக் கணக்கையும் நாம் தலைகீழாகப் போடுகிறோம். மேடையமைப்பு, உடை, ஒளியமைப்பு, ஒத்திகைக் கூலி ஆகிய எல்லாம் திரை உயரும் முன்பே செலவாகிவிடும். நான்கு காட்சி ஆடினாலும் இருபது காட்சி ஆடினாலும் அந்தச் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். கூடுதல் காட்சிக்குக் கூடுவது அரங்க வாடகையும் நடிகர், பணியாளர் சம்பளமும். நான்கோடு நிறுத்தும்போது பெரிய செலவைச் செய்துவிட்டுத் திரும்ப வரும் வழியை நாமே அடைக்கிறோம். பிறகு அடுத்த ஆண்டு புதிய நாடகம், புதிய மேடையமைப்பு, புதிய செலவு. குழுக்களும் ஆதரவாளர்களும் புதியதையே நாடுகிறார்கள். பழையதை இன்னும் நல்லதாக்கி மறுபடி தர ஆதரவு தேடுபவர் கூச்சத்தோடு கேட்க வேண்டியிருக்கிறது. அரங்கு கிடைப்பதும் எளிதில்லை; ஓராண்டுக்கு மேல் முன்பதிவு செய்ய வேண்டும். நாடகம் நன்றாக அமைந்ததா என்று தெரிவதற்குள் அடுத்த ஆண்டின் நாட்கள் வேறு யாருக்கோ போய்விடும். எனக்குத் தெரிந்த ஒரு குழு, காட்சிகள் எல்லாம் நிறைந்த உற்சாகத்தில் ஓர் அரங்கை அணுகியபோது பதினெட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை தருவதாகச் சொன்னார்கள். அதற்குள் நடிகர்களில் ஒருவர் கட்டாயத் தேசிய சேவைக்குப் போய்விட்டார், ஒருவர் திருமணமாகி மெல்பர்னுக்குப் போய்விட்டார்.

ஆகவே அரங்கை முதலில் பிடித்து வைக்க வேண்டும். எந்த நாடகம் என்று தெரியாமலே, ஆண்டுக்கு ஒரு வாரம், நடுத்தர அரங்கு ஒன்றில். அந்த ஆண்டு சிறிய அரங்குகளில் வந்த தமிழ் நாடகங்களைப் பார்த்து, நகரத் தகுந்த ஒன்றைத் தேர்ந்து, திருத்த நான்கு மாதம் கொடுத்து அந்த வாரத்தில் ஏற்ற வேண்டும். தேர்வு செய்பவர் நாடகக் குழு எதையும் சேராதவராக இருக்கட்டும், சொந்த ரசனைக்குப் பொறுப்பேற்பவராக இருக்கட்டும். புதிய குழு ஒன்றும் உருவாக வேண்டாம்; வணிகர் நால்வர் முன்வந்து ஒரு வார வாடகைக்குப் பிணை நின்றால் தொடங்கிவிடலாம். கோயில் திருப்பணிக்கும் பட்டிமன்றத்துக்கும் இசை நிகழ்ச்சிக்கும் கொடுக்கத் தயங்காத சமூகம் இது. பதினெட்டு வயது நிரம்பிய சிங்கப்பூரர்களுக்கு உள்ளூர்க் கலை நிகழ்ச்சிகளில் செலவிட 2025ல் அரசாங்கம் ஆளுக்கு 100 வெள்ளி தந்திருக்கிறது. ஒரு குடும்பத்தில் நான்கு பெரியவர்கள் இருந்தால் 400 வெள்ளி. அதில் ஒரு பங்காவது தமிழ் மேடைக்கு வரும்படி செய்ய, ஊர் முழுவதும் பேசும் ஒரு நாடகம் வாரக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பேச்சு பரவ மூன்று நாளாவது ஆகும். அதற்குள் நாம் முடித்துவிடுகிறோம்.

பிரதிகள் தொலைந்துவிட்டன என்ற சாக்கும் இப்போது இல்லை. தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தினர் தேசிய நூலகத்தோடு சேர்ந்து சிங்கப்பூர்த் தமிழ் நாடகங்களின் பிரதிகளையும் நிகழ்ச்சித் தாள்களையும் படங்களையும் தொகுத்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரு மாலை உட்கார்ந்து புரட்டினால் எத்தனை பேர், எத்தனை வேலை என்று மலைப்பு வரும். ‘மெக்பெத்’தைத் தமிழில் தந்தவரும் 2008ல் கலாசாரப் பதக்கம் பெற்றவருமான புதுமைதாசன் என்கிற பி. கிருஷ்ணனின் ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’ ஒரு காலத்தில் வானொலியில் வந்து வீடுதோறும் கேட்கப்பட்டது. கம்பம் என்ற கிராமக் குடியிருப்புகளிலிருந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடுகளுக்கு மாறிய தலைமுறையின் சிரிப்பும் சண்டையும் அதில் இருக்கின்றன. இன்றைய பேரப்பிள்ளைகளுக்குப் பெரிய மேடையில் அதைக் காட்டலாம்.

என்னிடம் பொறுப்பு கொடுத்தால் முதல் ஆண்டு செம்பவாங் நாடகத்தைத்தான் எடுப்பேன். விக்டோரியா அரங்கு, புதன் முதல் ஞாயிறு வரை எட்டுக் காட்சிகள். வியாழனும் வெள்ளியும் பிற்பகல் காட்சிகள் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு; தமிழ் வகுப்புக்கு மட்டும் என்று சுருக்காமல் வரலாற்று வகுப்புக்கும் அழைப்பு அனுப்ப வேண்டும், ஏனென்றால் 1968ல் அந்தத் தளத்தில் என்ன நடந்தது என்பது எல்லாப் பிள்ளைகளும் அறிய வேண்டியது. ஞாயிறு மூன்று மணிக் காட்சி தொழிலாளர்களுக்கு. அப்பா வேடத்துக்கு அதே ஆசிரியர்தான், பள்ளியிடம் அவருக்கு ஒரு வாரச் சம்பளமில்லா விடுப்புக் கேட்டு, அந்தச் சம்பளத்தை நாடகம் கொடுக்கும். மகள் வேடத்தில் நடித்த பெண் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளையும் கேட்டுவிட்டேன், வருகிறேன் என்கிறாள்.